நைரோபி டூ கேப் டவுன் லாரிப் பயணம்: ஊசி, மாத்திரை, காய்ச்சல் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019ல நானும் எங்க வீட்டுக்காரரும் நைரோபில ஒரு ஓவர்லேண்ட் லாரில (பயணிகளைக் கூட்டமா நாடு நாடா கூட்டிட்டுப் போற லாரி) ஏறி 56 நாள் கழிச்சு கேப் டவுன்ல இறங்கினோம். கென்யா, தான்சானியா, மலாவி, சாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கான்னு ரோட்டு வழியாவே போனது, ராத்திரி தங்கல் பெரும்பாலும் கூடாரத்துல. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் கிளம்புற யாராச்சும் எனக்கு மெசேஜ் போட்டுக்கிட்டே இருக்காங்க, முக்கால்வாசி கேள்வி உடம்பு பத்திதான். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் டாக்டர் இல்ல. உங்க வயசு, உங்க எடை, நீங்க ஏற்கனவே சாப்பிடுற மாத்திரை இதெல்லாம் பாத்து மருந்து அளவு சொல்ல வேண்டியது உங்க டாக்டர்தான், அவர்கிட்ட என்னென்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்க இது உதவும்.

அக்கா, எத்தனை நாளைக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்?

ரெண்டு மாசம். டிக்கெட் போட்ட வாரமே ஊசி வேலையையும் ஆரம்பிச்சிடுங்க. சில ஊசி ஒரே நாள்ல முடியாது, இடைவெளி விட்டு போடணும், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு 10 நாள் ஆனப்புறம்தான் அதுக்குக் குடுக்குற சர்டிஃபிகேட் கார்டு செல்லுபடியாகும். பல் டாக்டரையும் இந்த ரெண்டு மாசத்துலயே பாத்துடுங்க, யாரும் இதை சொல்றதில்ல. எங்க வண்டில ஒரு அம்மாவுக்கு சாம்பியால கடவாப்பல்லு வலி எடுத்து, அடுத்த பெரிய ஊர் வர்ற வரைக்கும் ரெண்டு நாள் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு அந்த குண்டும் குழியுமான ரோட்டுல உக்காந்துட்டு வந்தாங்க, பாக்கவே மனசு தாங்கல. கண்ணாடி போடுறவங்க இன்னொரு ஜோடி கண்ணாடி எடுத்துக்கோங்க.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எங்க போடுறாங்க?

இந்த ரூட்டுக்கு கட்டாயம்னே வச்சுக்கோங்க. கென்யா மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாடுகள் லிஸ்ட்ல இருக்கு, அங்க இருந்து நமங்கா பார்டர் தாண்டி தான்சானியாவுக்குள்ள போகும்போது கார்டு கேப்பாங்க, தென்னாப்பிரிக்காவும் கேக்கும். அதைவிட முக்கியமா நம்ம நாடே கேக்கும். இந்தியாவுல இந்த நோய் இல்ல, ஆனா இதைப் பரப்புற ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கு (டெங்கு பரப்புதே, அதே கொசு), உள்ள வந்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அதனாலதான் இவ்ளோ கண்டிப்பு. அந்த நாடுகள்ல இருந்து கிளம்பி 6 நாளுக்குள்ள கார்டு இல்லாம இங்க வந்து இறங்கினா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்கலாம். திரும்பி வரும்போது அடிஸ் அபாபாவுலயோ நைரோபிலயோ ஃப்ளைட் மாறினாலும் இந்தக் கேள்வி வரும். ஏர்போர்ட்டை விட்டு வெளிய போகலன்னா ஹெல்த் ஆபீசர் ஒத்துக்கிட்டா விலக்கு உண்டு, ஆனா அவர் ஒத்துப்பார்னு நம்பி ஊசி போடாம போகாதீங்க.

இந்த ஊசியை எல்லா கிளினிக்லயும் போட முடியாது, அரசாங்கம் அனுமதி குடுத்த சென்டர்ல மட்டும்தான். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்லயும் துறைமுக ஹெல்த் ஆபீஸ்லயும் போடுறாங்க. முன்னாடியே போன் பண்ணி எந்த நாள், எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டுப் போங்க, ஒரு குப்பியைத் திறந்தா சில மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும், அதனால நெனச்ச நேரத்துக்கெல்லாம் போட மாட்டாங்க. பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில இருக்கணும். கார்டுல பேர், பாஸ்போர்ட் நம்பர், தேதி, முத்திரை எல்லாம் சரியா இருக்கான்னு அங்க நின்னே பாருங்க, வீட்டுக்கு வந்து பாக்காதீங்க.

ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். முன்னாடி 10 வருஷம்னு இருந்தது, 2016 ஜூலைல மாத்திட்டாங்க, பழைய கார்டு வச்சிருக்கவங்களுக்கும் இது பொருந்தும்.

எங்க அப்பாவுக்கு 64 வயசு, அவரும் வர்றார். போடலாமா?

டாக்டர்கிட்ட உக்காந்து பேசாம போடாதீங்க. இது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கி செஞ்ச ஊசி. 60 தாண்டினவங்களுக்கு முதல் தடவை போடும்போது பக்கவிளைவு வாய்ப்பு இளவயசுக்காரங்களை விட கூடுதல். முட்டை ஒத்துக்காம ரொம்ப மோசமா அலர்ஜி ஆகுறவங்க, கேன்சர் மருந்தோ ஸ்டீராய்டோ எடுத்து எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, தைமஸ் சுரப்பி பிரச்சனை உள்ளவங்க போட்டுக்கக் கூடாது, கர்ப்பமா இருக்கவங்க, பால் குடுக்குறவங்களும் டாக்டரைக் கேக்காம போட்டுக்காதீங்க. போட முடியாதவங்களுக்கு மருத்துவ விலக்குக் கடிதம் குடுப்பாங்க, ஆனா ஒவ்வொரு பார்டர்லயும் அதை ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. அப்பாவை அழைச்சுட்டுப் போறதுன்னா மஞ்சள் காய்ச்சல் இல்லாத தெற்குப் பக்கம் மட்டும், நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கான்னு ரூட்டை சுருக்கிக்கலாமேன்னு எனக்குத் தோணுது.

வேற என்னென்ன ஊசி?

டெட்டனஸ் போட்டு 10 வருஷம் ஆச்சுன்னா மறுபடி ஒண்ணு. ஹெபடைடிஸ் ஏ, பி. டைஃபாய்டுக்கு இப்ப வர்ற கான்ஜுகேட் ஊசி நம்ம ஊர்லயே நல்லா கிடைக்குது, போட்டுக்கோங்க. மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) ஊசி இந்த ரூட்டுக்கு வழக்கமா தேவைப்படாது, ஆனா நீங்க எத்தியோப்பியா, சூடான் வழியா வர்றீங்கன்னா கேளுங்க, செனகல்ல இருந்து எத்தியோப்பியா வரைக்கும் ஒரு பட்டை மாதிரி இருக்கிற நாடுகள்ல டிசம்பர்ல இருந்து ஜூன் வரைக்கும் வறண்ட காலத்துல அது பரவும். கிளம்புற வாரம் நியூஸையும் ஒரு தடவை பாத்துடுங்க, 2024 செப்டம்பர்ல ருவாண்டால மார்பர்க்னு உயிரைக் குடிக்கிற வைரஸ் காய்ச்சல் வந்த மாதிரி திடீர்னு ஏதாச்சும் வரலாம்.

நாய்க்கடி ஊசி எதுக்கு? கடிச்சா போட்டுக்கலாமே?

எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. நம்ம ஊர்ல அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா ஊசி இருக்கும், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907ல இருந்து இருக்கு, தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு பயமுறுத்தின காலமும் போயிடுச்சு. ஆனா வடக்கு சாம்பியால ஒரு கிராமத்துப் பக்கம் கடிச்சா? ஊசியாச்சும் எங்கயாவது கிடைக்கும், ஆழமான கடிக்கு காயத்துலயே போடணும்னு சொல்ற இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்ற ரெடிமேட் எதிர்ப்பு சக்தி மருந்து) தலைநகர்லயே சில நேரம் கிடைக்காது. முன்னாடியே முதல் நாள் ஒண்ணு, ஏழு நாள் கழிச்சு ஒண்ணுன்னு ரெண்டு ஊசி போட்டுட்டுப் போனா, கடிச்சப்புறம் அந்த இம்யூனோகுளோபுலின் தேவையே இல்ல, உடனே ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணுன்னு ரெண்டு ஊசி மட்டும் போட்டா போதும். அந்த ரெண்டு ஊசிக்காக அவசரமா ஊரைத் தேடிப் போயே ஆகணும், அதுல மாத்தம் இல்ல. சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவுறது எல்லாத்துக்கும் முதல். விக்டோரியா அருவி பக்கம் பபூன் குரங்கு கையில இருந்து சாப்பாட்டைப் பிடுங்கும், அது நகத்தால கீறினாலும் இதே கணக்குதான்.

நமக்குதான் கொசுக்கடி பழக்கமாச்சே, மலேரியா அவ்ளோ பயப்படணுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கை வலிக்க வலிக்க பதில் எழுதுவேன். பயப்படணும். சென்னைல வந்துட்டுப் போன மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை, ஆளைப் படுக்க வைக்கும், கொல்றது அபூர்வம். ஆப்பிரிக்கால இருக்கிறது கிட்டத்தட்ட எல்லாமே ஃபால்சிபாரம், அது ரெண்டு மூணு நாள்ல மூளைக்கும் கிட்னிக்கும் போயிடும். சின்ன வயசுல நமக்கு மலேரியா வந்துருக்குங்கிறது இதுக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. அங்கயே பொறந்து வளந்தவங்ககூட சில வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு ஊருக்குப் போனா அந்த எதிர்ப்பு குறைஞ்சு போய் படுத்துடுறாங்க. நம்ம தாத்தா காலத்து குளோரோகுயினும் அங்க வேலை செய்யாது, மருந்துக்கடைல யாராச்சும் அதைக் குடுத்தா வாங்காதீங்க.

ரூட்ல எங்க இருக்கு எங்க இல்லன்னா, நைரோபி ஊருக்குள்ள உயரத்தால ரொம்பக் குறைவு. தான்சானியால இருந்து ஆரம்பிக்குது. மலாவி முழுக்க, சாம்பியா முழுக்க, போட்ஸ்வானால சோபே, ஒகவாங்கோ பக்கம், நமீபியால வடக்கு. ஸ்வகோப்முண்ட், சோசஸ்வ்ளை பாலைவனம், கேப் டவுன்ல கிடையாது.

எந்த மாத்திரை நல்லது?

மலேரியா வராம தடுக்குறதுக்கு மூணு மாத்திரை இருக்கு. டாக்ஸிசைக்ளின் தினம் ஒண்ணு, விலை ரொம்பக் குறைவு, நாங்க எடுத்தது இதுதான். மலேரியா ஏரியாவுக்குள்ள போறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, வெளிய வந்தப்புறமும் 4 வாரம் சாப்பிடணும். சாப்பாட்டோட, நிறைய தண்ணியோட முழுங்கணும், முழுங்கிட்டு அரை மணி நேரமாச்சும் படுக்கக் கூடாது, இல்லன்னா மாத்திரை தொண்டைக்குக் கீழ ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிடும். பால், ஜெலுசில், இரும்புச்சத்து மாத்திரை கூட சேத்து சாப்பிட்டா உடம்புல ஏறாது. இதை சாப்பிடும்போது வெயில்ல தோல் சீக்கிரம் எரியும், நம்ம கலருக்கு சன்ஸ்கிரீன் எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கு கை முட்டிக்குக் கீழ செவந்து தோல் உரிஞ்சிடுச்சு. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பசங்களுக்கும் ஆகாது.

மலரோன், அதாவது அட்டோவாகுவோன் ப்ரோகுவானில், தினம் ஒண்ணு, பக்கவிளைவு கம்மி, வெளிய வந்து 7 நாள் சாப்பிட்டா போதும், ஆனா 56 நாளுக்குக் கணக்கு போட்டா காசு நிறைய ஆகும், நம்ம ஊர்ல எல்லா கடைலயும் வச்சிருக்கவும் மாட்டாங்க, முன்கூட்டியே சொல்லி வைங்க. மெஃப்ளோகுயின் வாரம் ஒண்ணுதான், ஆனா கெட்ட கனவு, பதட்டம், மனசு குழம்புறதுன்னு சிலருக்கு வருது. மன அழுத்தமோ வலிப்போ முன்னாடி இருந்தவங்க இதைத் தொடவே வேண்டாம். மெஃப்ளோகுயின் எடுக்குறவங்க கிளம்புறதுக்கு 2, 3 வாரம் முன்னாடியே ஆரம்பிங்க, ஒத்துக்கலன்னா மாத்திக்க நேரம் இருக்கும்.

எந்த மாத்திரையும் நூத்துக்கு நூறு காப்பாத்தாது. மலேரியா கொசு பொழுது சாஞ்சதுல இருந்து விடியிற வரைக்கும் கடிக்கும், அதனால சாயங்காலம் 6 மணி ஆனா முழுக்கை சட்டை, சாக்ஸ், பர்மெத்ரின்னு கொசுவைக் கொல்ற மருந்து தடவின கொசுவலை. கொசுவை விரட்டுற டீட்ங்கிற மருந்து 30% பக்கம் இருக்கிற க்ரீமா பாத்து வாங்குங்க, நம்ம ஊர்ல சாதாரணமா விக்கிற க்ரீம் சில மணி நேரத்துல தீந்துடும். சன்ஸ்கிரீன் முதல்ல, அதுக்கு மேல கொசு க்ரீம். ஊசி நூல் எடுத்துக்கோங்க, கூடாரத்து வலைல ஓட்டை இருக்கும், ஏறின முதல் நாளே டார்ச் அடிச்சுப் பாத்து தைச்சிடுங்க.

வழில காய்ச்சல் வந்துட்டா?

மலேரியா ஏரியாவுக்குள்ள போய் ஏழு நாள் ஆனப்புறம் வர்ற எந்தக் காய்ச்சலும், வேற ஏதோன்னு டெஸ்ட் சொல்ற வரைக்கும், மலேரியாதான். 24 மணி நேரத்துக்குள்ள டெஸ்ட் எடுத்துடணும். "நாளைக்குப் பாக்கலாம்" கூடவே கூடாது.

எங்க வீட்டுக்காரர் சான்சிபார்ல வயித்தால போய் வாந்தி எடுத்து மூணு நாள் மாத்திரையை விட்டுட்டார். ரெண்டு வாரம் கழிச்சு மலாவி ஏரிக்கரைல, ந்காட்டா பேல, ராத்திரி 2 மணிக்கு தூக்கம் முழிச்சா கூடாரமே ஆடுது, அவ்ளோ நடுக்கம், ரெண்டு தூக்கப்பையைப் போத்தியும் நிக்கல. விடிஞ்சதும் லாரி டிரைவரே கிளினிக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு நர்ஸம்மா விரல் நுனியைக் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து, கர்ப்ப டெஸ்ட் கார்டு மாதிரியே இருக்கிற ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டைல விட்டு, மேல ரெண்டு சொட்டு மருந்து விட்டாங்க. முதல் கோடு உடனே வந்துடுச்சு, அது டெஸ்ட் சரியா வேலை செய்யுதுன்னு காட்டுற கோடு. அடுத்து இன்னொரு கோடு, பென்சில்ல லேசா இழுத்த மாதிரி, மெதுவா மெதுவா தெரிய ஆரம்பிச்சது. நான் வாட்சைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், 15 நிமிஷம் முடியிறப்போ அது நல்லாவே தெரிஞ்சிடுச்சு.

ஆர்டிமெதர் லூமஃபாண்ட்ரின், மஞ்சள் கலர் மாத்திரை, வேளைக்கு நாலு, மூணு நாள்ல ஆறு வேளை, மொத்தம் 24. அட்டையைத் திருப்பிப் பாத்தா இந்தியாவுல தயாரிச்சதுன்னு இருந்தது, அந்த நேரத்துல அதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு. கொழுப்பு உள்ள சாப்பாட்டோட குடுத்தாதான் மருந்து உடம்புல சேரும்னு நர்ஸம்மா சொன்னாங்க, நான் அவகாடோ பழத்தை மசிச்சு வேகவச்ச நிலக்கடலையோட ஊட்டினேன். மூணாவது நாள் எழுந்து உக்காந்துட்டார்.

நீங்களும் அந்த டெஸ்ட் கார்டு ரெண்டு மூணும், அந்த மாத்திரை ஒரு கோர்ஸும் டாக்டர் சீட்டோட கைல வச்சுக்கோங்க, ஆஸ்பத்திரி ஒரு நாள் தூரத்துல இருக்கிற ஊர்கள்ல ராத்திரி தங்குவீங்க. டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் காய்ச்சல் விடலன்னா 12லிருந்து 24 மணி நேரத்துல மறுபடி எடுங்க. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான், ப்ரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம், அது டெங்குவா இருந்தா ரத்தக்கசிவு ஆகும். கண்ணு மஞ்சளாகுது, பேச்சு குழறுது, வாந்தில மாத்திரை நிக்கலன்னா கைல இருக்கிற மாத்திரையை நம்பாதீங்க, அது ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்த வேண்டிய கட்டம், எப்படியாச்சும் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

வயித்தால போறதுக்கு என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு ஆளுக்கு 15 எடுத்துக்கோங்க, உங்க பாக்கெட் 1 லிட்டருக்கா 200 மில்லிக்கான்னு அட்டைல பாத்து கலக்குங்க, தண்ணி கம்மியா கலந்தா கெடுதல். தீந்துட்டா 1 லிட்டர் கொதிச்ச தண்ணில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டின அளவு. 1971 பங்களாதேஷ் போர் நேரத்துல பொங்காவ் அகதி முகாம்ல காலரா வந்தப்போ ட்ரிப்ஸ் பாட்டில் தீந்து போய், டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணியை ட்ரம்ல கலந்து வச்சு குடுத்துதான் ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாத்தினார், சாதாரண பாக்கெட்டுன்னு நெனைக்காதீங்க.

பேதியை நிறுத்துற லோப்பரமைடு மாத்திரை நீண்ட பஸ் நாளுக்கு மட்டும். ரத்தமோ காய்ச்சலோ கூட இருந்தா அதைப் போடவே கூடாது, அப்பதான் அஸித்ரோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக், அதையும் டாக்டர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிக்கோங்க. காய்ச்சல் இருந்தா மலேரியா டெஸ்ட்டும், மலேரியாலயும் வயித்தால போகும். தண்ணி கொதிக்க ஆரம்பிச்சு 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல 3 நிமிஷம். லாரில ஒரு பொது டேங்க் இருக்கும், குளோரின் போட்டிருப்பாங்க, போட்டு 30 நிமிஷம் ஆச்சான்னு கேட்டுட்டுக் குடிங்க. எங்க வண்டில பேதி பரவினது தண்ணியால இல்ல, பாத்திரம் கழுவிட்டு ஒரே ஈரத்துணியால துடைச்சதால, அதுக்கப்புறம் எல்லாரும் தட்டைக் கைல புடிச்சு காத்துல வீசியே காய வச்சோம்.

மலாவி ஏரில குளிக்கலாமா? ஃபோட்டோல கடல் மாதிரி இருக்கே

அழகுதான், நானும் இறங்கினேன். ஆனா அதுல பில்ஹார்சியா இருக்கு. நத்தைல இருந்து வெளிய வர்ற கண்ணுக்குத் தெரியாத புழு, தண்ணில நிக்கிற ஆளோட தோல் வழியா சில நிமிஷத்துல உள்ள போயிடும், காயம் எதுவும் வேணும்னு இல்ல. 1851ல கெய்ரோல தியோடர் பில்ஹார்ஸ்னு ஒரு ஜெர்மன் டாக்டர் கண்டுபிடிச்சார், அவர் பேரையே வச்சுட்டாங்க. நாணல் முளைச்ச ஓரம், ஊர் ஜனங்க துணி துவைக்கிற இடம் ஆபத்து அதிகம், விக்டோரியா ஏரியும் அப்படித்தான். இறங்கினா உடனே வெளிய வந்து துண்டால அழுத்தித் துடைங்க. ஊருக்கு வந்து 6, 8 வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட சொல்லி ப்ராசிகுவாண்டல் பத்தி கேளுங்க. ஏன் அவ்ளோ நாள் கழிச்சுன்னா அந்த மருந்து வளந்த புழுவைத்தான் கொல்லும், குஞ்சுப் புழுவைக் கொல்லாது.

துணியைத் தேய்ச்சுதான் போடணும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். புட்ஸி ஈன்னு ஒண்ணு, ஈரத்துணில முட்டை வைக்கும். அந்தத் துணியைப் போட்டா உடம்பு சூட்டுல புழு வெளிய வந்து தோலுக்குள்ள போயிடும், பாக்க கட்டி மாதிரியே இருக்கும், நடுவுல ஒரு சின்ன ஓட்டை. லிலாங்வேல நாங்க தங்கின இடத்துல ஒரு அம்மா கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால, எங்க தெருமுனை வண்டிக்காரர் வச்சிருக்க அதே மாதிரி பெட்டி, ஜட்டி, பனியன், சாக்ஸ் வரைக்கும் ஒவ்வொண்ணா ரெண்டு பக்கமும் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. எதுக்கு இதையெல்லாம்னு கேட்டப்போ முழங்கையைத் திருப்பி ஒரு தழும்பைக் காட்டினாங்க. மடிப்பு, எலாஸ்டிக், தையல் ஓரம் இங்கதான் முட்டை இருக்குமாம். பெட்டி கிடைக்கலன்னா கூடாரத்துக்குள்ளயே கயிறு கட்டிக் காய வைங்க, புல்லு மேல விரிக்காதீங்க. புழு வந்துட்டா பிதுக்காதீங்க, ஓட்டை மேல வாஸ்லின் கெட்டியா அப்பினா மூச்சு முட்டி வெளிய எட்டிப் பாக்கும், அப்ப எடுக்கலாம். மண்ணுல வெறுங்கால்ல நடந்தா ஜிகர்னு ஒரு தெள்ளுப்பூச்சி நகத்தடில போயிடும், செருப்பு எப்பவும்.

நீலக் கலர் டிரஸ் வேண்டாம்னு ஏன் சொல்றாங்க?

செட்சீ ஈ கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வரும், தூக்க நோய் பரப்புறது அதுதான். கொசு க்ரீமுக்கு பெருசா அசையாது, மெல்லிசு துணியைத் தாண்டி கடிக்கும். காக்கி, பழுப்புக் கலர் போடுங்க, ஓடுற வண்டியை விரட்டும் அது, ஜன்னலை ஏத்திடுங்க.

பார்டர்ல மாத்திரையைப் பிடுங்குவாங்களா?

சீட்டு இல்லன்னா பிரச்சனை வரலாம். எல்லா மாத்திரையும் ஒரிஜினல் அட்டைல, டாக்டர் லெட்டர்பேட்ல மருந்தோட பொதுப்பேரை டைப் அடிச்சு வாங்கின கடிதத்தோட வைங்க. நம்ம ஊர்ல சாதாரணமா வாங்குற இருமல் மருந்துல கவனமா இருங்க. டைஃபென்ஹைட்ரமின் உள்ள பெனட்ரில் வகை சாம்பியால கட்டுப்பாட்டு மருந்து, அதுக்காகப் பயணிகளைப் புடிச்சு வச்சிருக்காங்க. கோடீன், ட்ரமடால்னு வலி மருந்து இருக்கிறதை எடுத்துட்டுப் போகவே போகாதீங்க, எகிப்து வழியா போறவங்க ட்ரமடாலுக்கு ஜெயில் வரைக்கும் போயிருக்காங்க. சளிக்கு செட்ரிசின் போதும்.

பைல வேற என்னன்னா பீட்டாடின், காஸ், பிளாஸ்டர், தெர்மாமீட்டர், வண்டில வாந்தி வராம இருக்க ஆவோமின், கண்ணுல தூசி விழுந்தா போட சொட்டு மருந்து, மூடின பாக்கெட்டுல 5 சிரிஞ்ச் ஊசியோட. அந்த சிரிஞ்சுக்கும் கடிதத்துல ஒரு வரி எழுத சொல்லுங்க.

எனக்கு சுகர், இன்சுலின் போடுறேன். போக முடியுமா?

முடியும், எங்க கூடவே ஒருத்தர் வந்தார். இப்ப பயன்படுத்துற இன்சுலின் 30 டிகிரிக்குள்ள இருந்தா 4 வாரம் பக்கம் தாங்கும், மீதி ஸ்டாக்குக்குத்தான் குளிர்ச்சி வேணும். லாரி ஐஸ்பெட்டில போடாதீங்க, ஐஸ்ல பட்டு உறைஞ்சா அது வீண். தண்ணில நனைச்சா குளிர்ற பை விக்குது, நம்ம மண்பானை தத்துவம்தான். தேவைக்கு ரெண்டு மடங்கு எடுத்து ரெண்டு பைல பிரிச்சு வைங்க. பேதி வந்து உடம்புல தண்ணி வத்தும்போது மெட்ஃபார்மினையும், பிபிக்கு நீர் பிரியற மாத்திரையையும் தொடரணுமா நிறுத்தணுமான்னு முன்னாடியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடுங்க, அந்த நேரத்துல போன்ல கேக்க சிக்னல் இருக்காது.

பெண்களுக்குன்னு ஏதாச்சும்?

தண்ணி குடிக்காம இருக்காதீங்க. 10 மணி நேரம் வண்டி, வழில புதர்தான் பாத்ரூம்னு தெரிஞ்சதும் எல்லாப் பொண்ணுங்களும் தண்ணியைக் குறைச்சுடுறோம், ரெண்டாவது வாரம் நீர்க்கடுப்பு, எரிச்சல். எங்க வண்டில நாலு பேருக்கு வந்தது. வண்டியை நிறுத்த சொல்லுங்க, கூச்சப்படாதீங்க, ஒரு லுங்கியோ பெரிய துப்பட்டாவோ கூட நிக்கிறவங்க புடிச்சா போதும். நீர்க்கடுப்புக்கு மருந்து டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. டாக்ஸிசைக்ளின் எடுக்கிறவங்களுக்கு வெள்ளைப்படுதல், அரிப்பு வரும், அதுக்கு க்ளோட்ரிமசோல் மருந்து கைல இருக்கட்டும். நாப்கின் முழு கணக்குக்கும் இங்கருந்தே எடுத்துட்டுப் போங்க.

பாம்பு? சிங்கம்?

பூட்ஸை உதறிட்டு மாட்டுங்க, ராத்திரி டார்ச் இல்லாம கூடாரத்தை விட்டு வெளிய போகாதீங்க, அவ்ளோதான். நம்ம ஊர் விஷமுறிவு மருந்து அங்கத்து பாம்புக்கு வேலை செய்யாது, தூக்கிட்டுப் போக வேண்டாம்.

நீங்க நெஜமா பயப்பட வேண்டியது ரோடு. இந்தப் பயணத்துல உயிருக்கு பெரிய ஆபத்து அதுதான். இருட்டினப்புறம் ரோட்டுல போகாதீங்க, ஹெட்லைட் இல்லாத லாரி, நடு ரோட்டுல மாடு, எல்லாம் உண்டு. பெல்ட் இல்லாத சீட்டுல உக்காராதீங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது விமானத்துல ஏத்தி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற செலவு அடங்குதா, அந்த நாடுகள் பேர் எல்லாம் பாலிசில இருக்கான்னு வரி வரியா படிங்க. நைரோபி வில்சன் ஏர்போர்ட்ல இருந்து ஆம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ் 1957ல இருந்து இந்த வேலையைச் செய்யுது, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அவங்க தனியா மெம்பர்ஷிப்பும் தர்றாங்க. அவசர நம்பரை போன்ல மட்டும் வைக்காம பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வைங்க.

கூடவே கிளிமஞ்சாரோவும் ஏறலாம்னு இருக்கோம்

5,895 மீட்டர். ஒரு நாளாச்சும் கூடுதலா எடுக்குற ரூட்டா பாருங்க, சீப்பா இருக்குன்னு 5 நாள் பேக்கேஜ் வேண்டாம். உயரம் உடம்புக்குப் பழக உதவுற டயமாக்ஸ் மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, சல்ஃபா அலர்ஜி இருந்தா சொல்லிடுங்க. தலைவலி, வாந்தியோட தள்ளாட ஆரம்பிச்சா இறங்கிடணும், அப்ப மாத்திரை எதையும் சரி பண்ணாது.

திரும்பி வந்தாச்சு. அவ்ளோதானே?

இல்ல. எங்க கூட திருப்பூர் பக்கத்து தம்பி ஒருத்தர் வந்தார், நல்ல திடகாத்திரமான ஆள். வின்ட்ஹூக் வந்ததும் இனிமே கொசு இல்லையேன்னு டாக்ஸிசைக்ளினை நிறுத்திட்டார். அந்த மாத்திரை ஈரல்ல ஒளிஞ்சிருக்கிற கிருமியைத் தொடாது, அது ரத்தத்துக்குள்ள வரும்போதுதான் பிடிக்கும், அதுக்குத்தான் அந்த 4 வாரம். ஊருக்கு வந்து ஒன்பதாவது நாள் காய்ச்சல். பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரில வைரல்னு சொன்னாங்க, டெங்கு டெஸ்ட் எடுத்தாங்க, இல்லன்னு வந்தது, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்க யாரும் எங்க போயிட்டு வந்தீங்கன்னு கேக்கல, இவரும் சொல்லல. மூணாவது நாள் கண்ணு மஞ்சள், மூத்திரம் கட்டங்காப்பி கலர்ல. அவர் அக்கா எனக்கு வாட்ஸ்அப்ல ஃபோட்டோ அனுப்பி இது மஞ்சக்காமாலையான்னு கேட்டாங்க. உடனே வேற ஆஸ்பத்திரிக்குப் போங்க, முதல் வார்த்தையா ஆப்பிரிக்கா போயிட்டு வந்தார்னு சொல்லுங்க, மலேரியா ஸ்மியர் (ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்) கேளுங்கன்னு சொன்னேன். ஃபால்சிபாரம்தான். ஆர்ட்டிசுனேட் ஊசி, நாலு நாள் ஐசியு. பொழைச்சுட்டார்.

ஃபால்சிபாரம் பெரும்பாலும் வந்த முதல் மாசத்துக்குள்ள தெரியும், மூணு மாசம் வரைக்கும்கூட வரலாம், சில சமயம் அதுக்கும் மேல. ஒரு வருஷத்துக்கு எந்தக் காய்ச்சலுக்கு யார்கிட்ட போனாலும், அவங்க கேக்கலன்னாலும், போன நாடுகள் பேரைச் சொல்லுங்க. வீட்ல இருக்கவங்களுக்கும் சொல்லி வைங்க, காய்ச்சல் முத்தினா உங்களால பேச முடியாம போகலாம். அந்த தம்பியோட அக்கா இப்ப ஏழு நாட்டுப் பேரையும் திரும்பி வந்த தேதியையும் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்காங்க.